அக்கினியிலிருந்து இந்திரனுக்கு

அயனும் மாலும் அடியும் முடியும் தேடிச் சலித்து நின்ற மலை அது. அம்மலையைச் சுற்றி எட்டுப் புள்ளிகளைக் குறித்து, அவற்றை மிகக் குறைந்த நீளமுள்ள கேபிள் வடத்தால் இணைக்கும் வழியை வினோதினி புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கண்டாக வேண்டும். அன்று தேடிய தேவர் இருவர்க்கும் கெடு வைத்தவர் எவரும் இல்லை. வினோதினிக்குக் கெடு வைத்தவர் ஆதிமூலம்.

ஆதிமூலம் திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தருகே, ஒரு லாட்ஜின் மாடியில், வரைபட நிறுவனம் நடத்திவந்தார். ஆறு திங்களாக அங்கே தற்காலிகப் பணியில் இருந்த வினோதினியிடம் அவர் கூறியது மிகச் சுருக்கமானது.

"நாளைக்கு எஞ்சினியர் மேடம் ரூம்ல உன் பிளான் பாஸ் ஆச்சுன்னா, ஒண்ணாந்தேதி பர்மனென்ட் ஆர்டர் வாங்கிக்கம்மா. ஆகலைன்னா நான் இன்னா பண்றது? என் அக்கா பையன் பாலாஜி வூட்ல சும்மாதான் குந்திக்கினு இருக்கான்."

பாலாஜி குந்தியிருந்த இடம் எதுவாயினும் ஆகுக. இந்த வேலை போனால் தான் குந்தப்போகும் இடம் வினோதினிக்கு நன்றாகத் தெரியும். கீழ்பென்னாத்தூரில் மாமனாரின் உரக்கடையில், யூரியா மூட்டைகளுக்கும் பூச்சிமருந்து அடுக்குக்கும் நடுவே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஆறு திங்களாக அவளுக்கென்றே துடைத்து வைக்கப்பட்டிருந்தது. நாள்தோறும் காலை ஏழேகால் பேருந்தில் ஏறும்போதெல்லாம் அந்த நாற்காலி கடையின் உள்ளிருந்து தன்னைப் பார்ப்பதாகவே அவளுக்குத் தோன்றும்.

செய்யவேண்டிய பணி எளியது. ஒவ்வொரு முழுமதி நாளிலும் மலையை வலம் வரும் பெருங்கூட்டத்தில் கணவனைத் தொலைத்த மனைவியும், பேத்தியைத் தொலைத்த தாத்தாவும் கைபிசைந்து நிற்பதுண்டு. அதனால் இந்திரன் முதல் ஈசானியம் ஈறாக எண்திசைப் பெயர் தாங்கி மலையைச் சுற்றி நிற்கும் எட்டு இலிங்கங்களையும் அடுத்துக் கிடைத்த இடங்களில் எட்டு அறிவிப்பு மேடைகள் அமைத்து, ஒன்றில் பேசினால் எட்டிலும் ஒலிக்குமாறு வடம் புதைக்க முடிவாகியிருந்தது. எந்த மேடையை எந்த மேடையோடு இணைத்தால் வடம் குறையும் என்பதைக் கூறுவது வினோதினியின் வரைபட மென்பொருள்.

அம்மென்பொருளின் நெறி இது. மேடைகளுக்கு இடையே உள்ள தொலைவுகளையெல்லாம் சிறியது முதல் பெரியது ஈறாக அடுக்கும். மிகச் சிறியதை முதலில் ஏற்கும். அடுத்ததை எடுக்கும். அதனைச் சேர்த்தால் எங்கேனும் சுற்று விழுமாயின், வேண்டாமென ஒதுக்கும். இவ்வாறு எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து, ஒரு சுற்றும் விழாமல், மொத்த நீளம் மிகக் குறைந்து நிற்கும் வடிவத்தைக் கணிப்பொறி நூலார் 'மிகச்சிறு பரவு மரம்' என்பர். சுற்றுவதையே தொழிலாகவும் தவமாகவும் கொண்ட ஓர் ஊரில், சுற்றைக் கண்டால் ஒதுக்குவதையே நெறியாகக் கொண்ட ஒரு பொருள் வந்து இறங்கியிருப்பதை அதுவரை எவரும் கவனிக்கவில்லை.

மென்பொருளுக்கு உணவு தொலைவுகள். அவற்றைக் கொண்டுவர வேண்டியவர் பலராமன். ஐம்பது வயதும், முப்பதாண்டு அளவைத் தொழிலும், நெற்றி நிறைந்த திருநீறும் உடையவர். நீண்ட பிடியின் நுனியில் ஒற்றைச் சக்கரம் பூட்டிய கருவியொன்று அவரிடம் இருந்தது. அதை உருட்டிக்கொண்டு நடந்தால் மீட்டர் தானே ஏறும். மூன்று நாளில் வருவதாகச் சொல்லிப் போனவர், ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கால்களை இழுத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"எட்டு நாள்ல முடிச்சிட்டேம்மா. குபேரன்கிட்ட மட்டும் ரீடிங் எழுத மறந்துட்டேன். நாப்பது அடி தாண்டினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அதுக்கு ஒரு நாள் ஆயிடுச்சு."

"நாப்பது அடிக்கு ஒரு நாளாண்ணா?"

"மறுபடி ஒரு சுத்து வரணுமில்ல?"

வினோதினி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "திரும்பி நாப்பது அடி நடந்தா ஆச்சு. இதுக்கு யாருனா பதினாலு கிலோமீட்டர் நடப்பாங்களா?"

"சக்கரம் தரையில பட்டாச்சுன்னா வலம்மா. வலம் வரச்சொல்ல பின்னால திரும்பறதா?"

"சக்கரத்தைக் கையில தூக்கிக்கினு வந்திருக்கலாமே."

"தூக்கினா மட்டும் மலைக்குத் தெரியாதா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பலராமன் அதனைப் பொருட்படுத்தவில்லை. மஞ்சள் தாளில் அழகிய கையெழுத்தில் வரைந்த கட்டத்தை, அருச்சனைத் தட்டை நீட்டுவதுபோல் இரு கையாலும் நீட்டினார். ஒவ்வொரு மேடையிலிருந்தும் மற்ற ஏழு மேடைகளுக்கும் உள்ள தொலைவுகள், மொத்தம் ஐம்பத்தாறு எண்கள். நேரமில்லை. அவள் அவற்றைப் பார்த்து எண்ணாமல் அப்படியே உள்ளிட்டாள். பொத்தானை அழுத்தினாள்.

திரையில் மலை எழுந்தது. மலையைச் சுற்றி எட்டுப் புள்ளிகள் எழுந்தன. பிறகு சிவப்புக் கோடுகள் ஓடத் தொடங்கின. அவை ஓடிய ஓட்டத்தைக் கண்டு வினோதினி நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டாள். அக்கினியிலிருந்து புறப்பட்ட வடம், அடுத்த வீட்டுக்காரனாகிய இந்திரனிடம் ஒரு சொல்லும் பேசாமல், அவன் வாசலைக் கடந்து ஈசானியத்துக்குப் போயிற்று. யமனின் வடமும் அவ்வாறே, நிருதியின் வடமும் அவ்வாறே, ஒன்றன்மேல் ஒன்றாக ஈசானியத்தைத் தேடிச் சென்றன. எதிர்ப்புறத்திலிருந்து வருணனும் வாயுவும் குபேரனும் தனித்தனி வடம் எடுத்து இந்திரனைச் சரணடைந்தனர். கீழே மொத்த நீளம் தெரிந்தது: இருபத்தெட்டு புள்ளி மூன்று கிலோமீட்டர். மலையை இருமுறை சுற்றினாலும் தீராத நீளம்.

பின்னால் வந்து நின்ற ஆதிமூலம் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? கேபிள் போடச் சொன்னா சடை பின்னி வெச்சிருக்க?"

"ஒரு நிமிஷம் சார்."

"பாலாஜிக்கு போன் போடட்டுமா?"

"ஒரே நிமிஷம் சார்!"

அவள் மஞ்சள் தாளை எடுத்து விரலால் வரிவரியாகத் தடவினாள். இரண்டாம் வரியில் விரல் நின்றது.

"அண்ணா, இந்திரன்ல இருந்து அக்கினி எவ்ளோ?"

"ஒண்ணு புள்ளி மூணு."

"அக்கினில இருந்து இந்திரன்?"

"பன்னண்டு புள்ளி ஏழு."

"எப்படிண்ணா? ரோடு ஒரே ரோடுதானே?"

"ரோடு ஒண்ணுதாம்மா. போறவன் ஒரே பக்கமாத்தானே போறான்?" பலராமன் அவளைப் பரிவோடு நோக்கினார். "இந்திரனைத் தாண்டி அக்கினிக்கு வந்துட்ட. மறுபடி இந்திரனைப் பாக்கணும்னா முழுசாச் சுத்திக்கினுதானே வரணும்? எல்லாம் நடந்து அளந்தது. எட்டு மேடை, எட்டு சுத்து. வூட்ல குந்திக்கினு ஒண்ணுத்தை ஒண்ணு கழிச்சு எழுதினது இல்ல."

வினோதினி தலையில் கை வைத்தாள். ஒரே இணைக்கு இரண்டு அளவு வந்தால், பின்னால் எழுதியதையே மெய்யெனக் கொள்வது அம்மென்பொருளின் இயல்பு. ஆகவே அண்டை வீட்டார் அனைவரும் அதன் கண்ணுக்கு அயலூராராய்ப் போயினர்.

"மனுசன் வலமாப் போவட்டும்ண்ணா. கேபிளுக்கு இன்னா வலமும் இடமும்? அது மண்ணுக்குள்ள படுத்துக் கிடக்கப் போவுது."

"அங்கப்பிரதட்சணம்கூட படுத்துக்கினுதாம்மா பண்றாங்க. அதுவும் வலமாத்தான்."

அவள் விசைப்பலகையின் பக்கம் திரும்பினாள். ஆதிமூலம் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டே தம் அறைக்குள் போனார்.

ஒவ்வோர் இணையிலும் சிறிய எண்ணை மட்டும் கொள்ளுமாறு திருத்தி, அவள் மீண்டும் பொத்தானை அழுத்தினாள். இப்போது கோடுகள் அடக்கமாக ஓடின. அண்டையார் அண்டையாரோடு கைகோத்தனர். ஏழு துண்டுகள், பதினொன்று புள்ளி நான்கு கிலோமீட்டர். எல்லாவற்றிலும் நீண்டதாகிய வருணன் முதல் வாயு வரையுள்ள இரண்டு புள்ளி ஆறு கிலோமீட்டர் மட்டும் வெற்றிடமாக நின்றது. அதைச் சேர்த்தால் சுற்று விழும். சுற்று விழுந்தால் ஒதுக்க வேண்டும். மணி நான்கு ஐம்பது. வினோதினி நெடுமூச்செறிந்தாள்.

அந்த வெற்றிடத்தின் நடுவே ஓர் ஊர் இருந்தது.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு உதவிப் பொறியாளர் தமிழ்செல்வியின் அறையில் வரைபடம் விரிக்கப்பட்டது. தமிழ்செல்வி சொற்களைச் சிக்கனமாகச் செலவிடுபவர். ஆதிமூலமும் பலராமனும் ஓரமாக நின்றனர். சாலையோரம் தோண்டுவதற்கு ஊர்களின் இசைவு வேண்டும் என்பதால், அடி அண்ணாமலையின் வார்டு உறுப்பினரும் அங்கே தேநீர்க்கடை வைத்திருப்பவருமான கன்னியம்மாளும் வந்திருந்தார். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, வரைபடத்தின்மேல் குனிந்து, நேரே வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"ஏம் பாப்பா, எல்லா ஊரையும் சுத்திச்சு. எங்க ஊர் வந்ததும் இதுக்குக் கால் வலி வந்துடுச்சா?"

"இல்லைங்க. அந்தத் துண்டு இல்லாமலே எட்டு மேடையும் சேர்ந்துடுது. அதையும் போட்டா சுத்து ஆயிடும். இந்த சாஃப்ட்வேர்ல சுத்துன்னா ஒரு துண்டு வேஸ்ட்டுனு அர்த்தம்."

சாளரத்தின் வழியே மலை முழுமையாகத் தெரிந்தது. அனைவரும் அதனை ஒருமுறை பார்த்துக்கொண்டனர். ஆதிமூலம் தம் காலணிகளை ஆராயத் தொடங்கினார்.

"பவுர்ணமிக்குப் பவுர்ணமி ஊரே வந்து சுத்துது," என்றார் கன்னியம்மாள் மெல்ல. "எல்லாம் வேஸ்ட்டுங்கிற."

"ஐயோ, நான் கேபிளைச் சொன்னேங்க!"

"நானும் கேபிளைத்தான் சொல்றேன். போன பவுர்ணமிக்கு மோர்ப் பந்தல் போடுறேன்னு எவனோ கடப்பாறை எறக்கினான். எங்க தெரு பூரா டிவி அணைஞ்சுது. மாசா மாசம் இந்தக் கூத்துதான்."

தமிழ்செல்வி நிமிர்ந்தார். "நல்ல கேள்விம்மா இது. அக்கினிக்கும் யமனுக்கும் நடுவுல ஒருத்தன் கடப்பாறை எறக்கிட்டான்னு வையி. இன்னா ஆவும்?"

வினோதினி வரைபடத்தைப் பார்த்தாள். வேறு ஏதேனும் சொல்லிச் சமாளிக்கலாம். ஆதிமூலத்தின் கண்கள் அதைத்தான் வேண்டின. ஆனால் கோடு பொய் சொல்லவில்லை.

"யமன், நிருதி, வருணன் மூணு பேரும் ஊமையாயிடுவாங்க மேடம்."

"கூட்டம் இருக்கிற நேரத்துலயா?"

"ஆமாங்க மேடம்."

தமிழ்செல்வி பேனாவை மூடினார். அந்தச் சிறு ஓசை கேட்டதும், பன்னிரண்டு கல் தொலைவிலிருந்து வந்தாற்போல் யூரியாவின் நெடி வினோதினியின் மூக்கில் ஏறிற்று. ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதுபோல் அவள் கோப்பைப் புரட்டினாள். கையில் அகப்பட்டது பலராமனின் மஞ்சள் தாள். அக்கினியிலிருந்து இந்திரனுக்குப் பன்னிரண்டு புள்ளி ஏழு. நேற்று அவள் அழித்த எண்.

அவள் அதன்மேல் விரலை வைத்தாள்.

"மேடம், பலராமண்ணா அளந்தது தப்பு இல்ல."

"நான் எப்பம்மா தப்புன்னேன்?" என்றார் பலராமன், ஓரத்திலிருந்து.

"இருங்கண்ணா. மேடம், இந்திரனுக்கும் அக்கினிக்கும் நடுவுல கேபிள் அந்துடுச்சுன்னு வெச்சுக்கங்க. அக்கினியில பேசினது இந்திரனுக்கு எப்படிப் போவும்? அந்தக் கடைசித் துண்டையும் போட்டிருந்தா, யமன், நிருதி, வருணன்னு மலையைச் சுத்திக்கினு போவும். எவ்ளோ தூரம்? பன்னண்டு புள்ளி ஏழு. அண்ணா நடந்த வழியேதான் வார்த்தையும் நடக்கும். எங்க அந்தாலும் இந்தப் பேப்பர்ல பதில் இருக்கு. சுத்து வேணும் மேடம். கன்னியம்மா சொல்றதுதான் சரி."

தமிழ்செல்வி கோப்பின் முதற்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'வடத்தின் நீளம்: 14 கி.மீ.' என்று அதில் இரு திங்களுக்கு முன்பே எழுதி ஒப்புதலும் ஆகியிருந்தது.

"கிரிவலம் பதினாலுனு ஊர்ல எவனைக் கேட்டாலும் சொல்லுவான். நானும் அப்படித்தான் எழுதினேன். அப்போ உன் சாஃப்ட்வேர் எதுக்கும்மா?"

"பவுர்ணமிக்கு இன்னும் பன்னண்டு நாள்தானே மேடம் இருக்கு? ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர்தான் தோண்ட முடியும்னு காண்டிராக்டர் சொல்றார். பதினாலு முடியாது. பதினொண்ணு புள்ளி நாலு முடியும். எந்தத் துண்டைக் கடைசிக்கு விட்டா அன்னைக்கு எட்டு மேடையும் பேசும்னு இது சொல்லுது. முதல்ல இது. பவுர்ணமி முடிஞ்சதும் சுத்தை மூடிடலாம்."

பேனா மீண்டும் திறந்தது. ஆதிமூலம் காலணிகளை விட்டு நிமிர்ந்தார்.

"அப்ப கடைசி நாங்க," என்றார் கன்னியம்மாள். அவர் இருக்கையை விட்டு எழவில்லை. "அம்மா, காணாமப் போறவங்க முக்காவாசிப் பேரு எங்க வந்து குந்துறாங்க தெரியுமா? பாதி வழில காலு ஓஞ்சி, என் கடை பெஞ்சில. டீ வாங்கறது இல்ல, அழுதுக்கினே குந்தினு இருப்பாங்க. அங்க ஒரு மேடை இல்லாம இன்னாத்துக்கு அறிவிப்பு? ஒம்போதாவதா ஒண்ணு போடுங்க."

வினோதினியின் மனம் தானாகவே கணக்கிட்டது. அவள் வாயும் தானாகவே திறந்தது. "ஒம்போதாவது வந்தா அந்தத் துண்டு ரெண்டாப் பிரிஞ்சுடும். அப்போ விடுபடற இடம் மாறிடும்."

"எங்க போவும்?"

"நிருதிக்கும் வருணனுக்கும் நடுவுல. அதான் அப்போ பெரிசு, ரெண்டு புள்ளி மூணு."

"அந்தப் பக்கத்து ஆளு யாருனா இங்க வந்திருக்காங்களா?"

எல்லோரும் அறையைச் சுற்றிப் பார்த்தனர். ஒருவரும் இல்லை.

"அப்ப சரி," என்று கன்னியம்மாள் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். நூல்கள் பல கற்றோர் வகுத்த நெறியை, ஒரு தேநீர்க்கடையின் பெஞ்சைக் கொண்டு அவர் வென்றுவிட்டார்.

தமிழ்செல்வி மனத்துள் கூட்டிப் பார்த்தார். "பதினொண்ணு புள்ளி ஏழு. பன்னண்டு நாளுக்குள்ள வருது. நாலே கால் மணிக்கு நான் வேலூர் கிளம்பணும். ஒம்போதாவது மேடையை அளந்து, இடத்தைக் குறிச்சு, புது மேப்போட நாலு மணிக்குள்ள வா. கையெழுத்துப் போடறேன். தப்பினா அடுத்த வாரம்தான், பவுர்ணமிக்கு எட்டாது."

அடுத்த வாரம் என்றால் பாலாஜி என்று பொருள்.

பிற்பகல் ஒன்றரை மணி. தார்ச்சாலை கொதித்தது. ஒன்பது சுற்றில் பலராமனின் பாதங்கள் கொப்பளித்திருந்தமையால், அலுவலக ஸ்கூட்டரை அவர் மெல்ல ஓட்டிவர, வினோதினியே சக்கரத்தை உருட்டினாள். வருணனிலிருந்து கன்னியம்மாளின் கடை வரை ஒன்று புள்ளி நான்கு. குறித்துக்கொண்டாள். பேருந்தில் முன்னரே ஊர் சேர்ந்திருந்த கன்னியம்மாள், மேடைக்குரிய இடத்தைக் கரண்டியால் சுட்டிக்காட்டினார். வினோதினி தலையசைத்து, நேரமில்லாமையால் நில்லாது, வாயுவை நோக்கி நடந்தாள்.

சற்றுத் தூரம் சென்று நின்றாள்.

தொலைவைக் குறித்தாளேயன்றி, இடத்தைக் குறிக்கும் ஜி.பி.எஸ். கருவியின் பொத்தானை அவள் அழுத்தவில்லை. இடம் பதிவாகாமல் வரைபடம் இல்லை. திரும்பிப் பார்த்தாள். கடையின் நீலத் தார்ப்பாய் அருகிலேயே தெரிந்தது. நாற்பது அடி இருக்கலாம்.

பலராமன் ஸ்கூட்டரை நிறுத்தி, மலையை நோக்கிக் கைகூப்பி நின்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா," என்றார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்ண்ணா. நாப்பது அடி. நான் போயிட்டு வந்துடறேன்."

"போயிட்டு வாம்மா. நான்தான் ஒண்ணும் சொல்லலையே."

அவள் சக்கரத்தின் பிடியைத் திருப்பினாள். அல்லது திருப்ப முயன்றாள். வெயிலில் மலை செம்பு நிறமாய், யாதொன்றும் வினவாமல் நின்றது. அது ஏதேனும் வினவியிருந்தால் அவள் விடை சொல்லியிருப்பாள். தான் பக்தையல்லள், பணிசெய்ய வந்தவள் என்று வாதிட்டிருப்பாள். வினவாத ஒன்றோடு எவ்வாறு வாதிடுவது? உரக்கடை நாற்காலியை நினைத்தாள். மணியைப் பார்த்தாள். மீண்டும் மலையைப் பார்த்தாள்.

"அண்ணா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாயு வரைக்கும் உருட்டிட்டு, அங்கிருந்து வண்டியில முழுசா ஒரு சுத்து வந்தா எவ்ளோ நேரம் ஆவும்?"

"டிராபிக் கம்மியா இருந்தா முக்கா மணி நேரம்," என்றார் பலராமன், அந்த வினாவுக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர்போல.

அன்று திருவண்ணாமலையில் பலர் அக்காட்சியைக் கண்டனர். ஒரு பெண் முகம் சிவக்க ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் நீறணிந்த ஒருவர் அளவுச் சக்கரத்தை வேல்போல் தோளில் சார்த்தி அமர்ந்திருந்தார். குபேரனைக் கடந்தனர். ஈசானியத்தைக் கடந்தனர். கோபுர வாசலில் வாழைப்பழ வண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே சிக்கி, இந்திரனை ஏழு நிமிடம் தரிசித்தனர். செங்கம் சாலையில் பறந்து, அக்கினியும் யமனும் நிருதியும் வருணனும் பின்னே ஒழிய, கன்னியம்மாளின் கடைமுன் வந்து நின்றனர். வினோதினி இறங்காமலேயே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

"இன்னா பாப்பா, இப்பதானே இந்தப் பக்கமாப் போன?" என்றார் கன்னியம்மாள்.

"ஆமாங்க. அதான் வந்துட்டேன்."

மூன்று ஐம்பத்தாறுக்கு அவள் பலராமனோடு தமிழ்செல்வியின் அறைக்குள் நுழைந்தாள். வழியில் அலுவலகத்தில் அச்சிட்ட வரைபடம் இன்னும் சூடாக இருந்தது. ஒன்பது மேடைகள், எட்டுத் துண்டுகள், பதினொன்று புள்ளி ஏழு. நிருதிக்கும் வருணனுக்கும் இடையே புள்ளிக்கோடு, அருகே 'பௌர்ணமிக்குப் பின்' என்ற குறிப்பு. தமிழ்செல்வி ஒருமுறை பார்த்தார், கையெழுத்திட்டார். அங்கே காத்திருந்த ஆதிமூலம் மூச்சை விட்டு, "ஒண்ணாந்தேதி காலைல வந்து ஆர்டர் வாங்கிக்கம்மா," என்றார். பாலாஜியைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. வினோதினியின் மனத்தில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் யாரோ ஒரு யூரியா மூட்டையை ஏற்றி வைத்தார்கள்.

தமிழ்செல்வி கைப்பையை எடுத்தவர், படிவத்தின் அடியில் ஒரு கட்டம் நிரப்பப்படாமல் இருப்பதைக் கண்டு மீண்டும் அமர்ந்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு. இந்த ஆபீஸ்ல இருந்து ஒம்போதாவது மேடைக்கு எவ்ளோ தூரம்?"

பலராமன் வாய் திறந்தார். அவருக்கு முன்பே வினோதினி பேசினாள்; அவள் முகத்தில் சிரிப்பின் சுவடும் இல்லை.

"போறதுக்கா மேடம், வர்றதுக்கா?"